செம்பும் களிம்பும்

விமானத்தின் உச்சியில் ஒளிரும் கலசத்தைக் கண்டு கைகூப்பாத அன்பர் இல்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்கென முதலாம் இராசராசன் ஒரு செப்புக்குடம் அளித்தான். அவன் ஆட்சியின் இருபத்தைந்தாம் ஆண்டில், 275ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010இல், அக்கொடை நிகழ்ந்தது. செம்பின் நிறை 3083 பலம் என்றும், அதன்மேல் போர்த்த பொன்னின் நிறை 2926½ கழஞ்சு என்றும் கல்வெட்டுக் கணக்குச் சொல்கின்றது. அரைக் கழஞ்சும் விடாமல் எழுதிய அக்கணக்கில் அரியதொரு பொறுப்புணர்ச்சி அடங்கியிருக்கின்றது. இறைவனுக்கு உரிய உலோகம் பின்னாளில் குறையுமாயின், குறைந்தது இவ்வளவு என்று உரைக்க ஒரு சாட்சி வேண்டுமன்றோ? கல்லே அச்சாட்சியாய் நிற்கின்றது.

உலோகத்தைக் குறைப்பவர் கள்வர் மட்டுமல்லர். காற்றும் நீரும் உப்பும் தம்முள் ஒன்றுகூடி, ஓசையின்றி, பூட்டிய கதவுக்கு உள்ளும் புகுந்து, பொன்னொழிந்த உலோகம் அனைத்தையும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொண்டு செல்கின்றன. இரும்பில் துரு, செம்பில் களிம்பு, வெள்ளியில் கருமை ஆகிய யாவும் அக்களவின் அடையாளங்களே. இத்தேய்வினை இன்றைய அறிவியல் நூல்கள் ‘அரிமானம்’ என்று வழங்கும். கறையான் மரத்தை அரிப்பது போலக் காலம் உலோகத்தை அரிக்கின்றது. இத்தேய்வின் காரணத்தை மக்கள் எவ்வாறு கண்டறிந்தனர், கண்டபின் அதற்கு இட்ட பெயர்கள் யாவை, அவ்வறிவு நம் திருக்கோயிற் பணிக்கு எவ்வாறு உதவும் என்பவற்றைக் குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் சிந்திப்பது பொருத்தமாகும்.

மண்ணில் பிறந்தது மண்ணை நாடும்

செம்பில் களிம்பு ஊறிக் கிடப்பது போல உயிரை ஆணவ மலம் அனாதியே பற்றி நிற்கின்றது என்பது சைவ சித்தாந்த நூல்கள் பலவும் எடுத்தாளும் உவமை. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று, செம்போடு உடன் பிறந்தது என்பதே அவ்வுவமையின் உயிர்நிலை. விந்தை யாதெனில், இரசாயன நூலாரும் ஏறக்குறைய இதனையே கூறுகின்றனர். செம்பு எடுக்கப்படும் தாதுக் கற்களுள் ‘மாலகைட்’ என்பது ஒன்று. பச்சை நிறம் வாய்ந்த அக்கல்லும், பழஞ்செம்பின்மேல் படரும் பச்சைக் களிம்பில் ஒருவகையும் ஒரே பொருளால் ஆனவை. நெருப்பின் வலிமையால் பச்சைக் கல்லிலிருந்து செம்மையான உலோகத்தை மனிதன் பிரித்தான். அந்த உலோகமோ, வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம், தான் பிறந்த பச்சைக் கல்லாகவே மீள முயல்கின்றது. தாதுவை உலோகமாக்குதல் ஒரு பயணம் என்றால், அரிமானம் அப்பயணத்தின் மீள்வழி என்க.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. கொல்லிமலையும் போதமலையும் அரண்போல் நிற்க, மஞ்சள் விளையும் வயல்கள் சூழ்ந்த நாமகிரிப்பேட்டையில் வாழும் நமக்கு, இச்சேலம் நாட்டு மலைகளே பாடநூல். சேலம் நகருக்கு அண்மையில், சித்தர் கோயிலால் புகழ்பெற்ற கஞ்சமலை முழுவதும் இரும்புத் தாது நிறைந்தது. காந்த இயல்புடைய அத்தாதுவில் இரும்பும் ஆக்சிஜன் என்னும் பிராணவாயுவும் பிணைந்து கிடக்கின்றன. நம் முன்னோர் சிறிய மண் உலைகளில் அதனை இட்டு, மரக்கரியால் எரித்து, துருத்தியால் ஊதி இரும்பைப் பிரித்தனர். கரி தாதுவிலுள்ள பிராணவாயுவைத் தான் கவர்ந்து கொள்ளும். இரும்பு தனித்து நிற்கும். பிராணவாயு நீங்கும் இச்செயலை ‘ஒடுக்கம்’ என்றும், அது மீண்டும் வந்து சேர்வதை ‘ஆக்சிஜனேற்றம்’ என்றும் இரசாயன நூலார் பெயரிட்டனர். உலையில் நிகழ்வது ஒடுக்கம், துருப்பிடித்தல் ஆக்சிஜனேற்றம்.

கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் கிடைத்த பாக்சைட் என்னும் மண்ணிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்தனர். 1960களில் தொடங்கிய அப்பணி இப்போது நின்றுவிட்டது. அலுமினியம் பிராணவாயுவை எளிதில் விடாது. மரக்கரியின் வெப்பம் அதனிடம் செல்லாது. உருக்கிய நிலையில் மின்சாரத்தைப் பாய்ச்சியே அதனைப் பிரிக்க இயலும். இம்முறையை 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டனர். மின்சாரத்தைக் கொடுத்தால் மண் உலோகமாகின்றது. அவ்வாறாயின், உலோகம் மண்ணாகும்போது மின்சாரம் வெளிப்படவேண்டுமன்றோ? ஆம், வெளிப்படுகின்றது. அரிமானம் என்பது வெறும் இரசாயன மாற்றம் மட்டுமன்று. மின்சாரம் பாயும் நிகழ்ச்சியும் ஆகும். இதனை உலகம் உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

கப்பல் கற்பித்த பாடம்

1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படையினர் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் செப்புத் தகட்டால் போர்த்தினர். கடற்புழு மரத்தைத் துளைக்காமல் இருக்கவேண்டும் என்பது அவர்தம் நோக்கம். சில ஆண்டுகளில் கப்பலைத் திரும்பப் பார்த்தபோது செப்புத் தகடு நன்றாகவே இருந்தது. ஆனால் அதனைத் தொட்டு நின்ற இரும்பு ஆணிகள் கூழாய்க் கரைந்து போயிருந்தன. தகட்டைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் எங்கெங்கே கிழியாமல் செம்புக்கும் இரும்புக்கும் இடையே சிக்கி நின்றதோ, அங்கெல்லாம் ஆணி கேடின்றி இருந்தது. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடலாகாது என்னும் பேருண்மையை ஒரு துண்டுக் காகிதம் கற்பித்தது. காரணம் மட்டும் அன்று விளங்கவில்லை.

இத்தாலி நாட்டில் கல்வானி என்னும் மருத்துவப் பேராசிரியர், இறந்த தவளையின் கால் இரு உலோகங்கள் தொட்டவுடன் துடிப்பதைக் கண்டு 1791இல் நூல் எழுதினார். மின்சாரம் தவளையின் உடலில் உள்ளது என்று அவர் கருதினார். அவர் நாட்டினரான வோல்ட்டா அதனை மறுத்தார். துடிப்புக்குக் காரணம் இரு வேறு உலோகங்களே என்று காட்டுவதற்காக, வெள்ளித் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, 1800இல் இடையறாது மின்சாரம் தரும் அடுக்கை அமைத்தார். அதுவே முதல் மின்கலம். நாம் கைவிளக்கில் இடும் மின்கலம் அதன் வழித்தோன்றலே. கப்பலின் செம்பும் இரும்பு ஆணியும் கடல்நீரும் சேர்ந்து தாமறியாமல் ஒரு மின்கலமாக நின்றன என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இதிலிருந்து உலோகங்களின் வரிசை ஒன்று பிறந்தது. பொன் தலைமையில் நிற்கும். அடுத்து வெள்ளி, செம்பு. பின்னர்க் காரீயம், வெள்ளீயம், இரும்பு, துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம் எனத் தொடரும். இவ்வரிசையை மின்வேதி வரிசை என்பர். இதில் உள்ள இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொடின், மேலுள்ளது காப்பாற்றப்படும், கீழுள்ளது கரையும், இது பொது விதி.

ஆவாரம் விறகும் எருக்கிலையும்

இவ்வறிவுக்குச் சொற்கள் தந்தவர் மைக்கேல் பாரடே. ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பின்னர் அறிவியல் மேதையான பெருமகன் அவர். அவருடைய ஆராய்ச்சி நம் நாட்டு உருக்கோடு தொடர்புடையது என்பதை அன்பர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். தென்னாட்டில் செய்த உயர்ந்த உருக்கை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்தனர். சேலம் நாட்டுக் கொல்லர் இரும்புத் துண்டை மண்குகையில் இட்டு, ஆவாரம் விறகையும் எருக்கிலையையும் சேர்த்து, வாய்மூடி உலையில் வைத்து உருக்குச் செய்த முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் விரிவாக எழுதிவைத்தார். 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவர் அவரே. இத்தகைய இந்திய உருக்கின் இரகசியத்தை அறிய விரும்பிய பாரடே 1819இல் அதனைப் பகுத்தாய்ந்து கட்டுரை வெளியிட்டார். பின்னர் ஸ்டோடார்ட் என்னும் கருவி செய்வோருடன் சேர்ந்து உருக்கில் பல உலோகங்களைக் கலந்து பார்த்து 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார்.

அப்பாரடேயே 1834இல் மின்வேதியியலின் அடிப்படைச் சொற்களை வழங்கினார். கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல் முதலியோர் கிரேக்க மொழியிலிருந்து அவற்றை ஆக்கித் தந்தனர். ‘அனோடு’ என்றால் மேலேறும் வழி, ஞாயிறு எழும் திசை. ‘கேத்தோடு’ என்றால் கீழிறங்கும் வழி, ஞாயிறு சாயும் திசை. இவ்விரண்டுக்கும் பொதுப்பெயர் மின்வாய். இடையே நின்று மின்சாரத்தைக் கடத்தும் நீர்மம் மின்பகுளி. அந்நீர்மத்தில் மின்னேற்றம் தாங்கிச் செல்லும் நுண்துகள் ‘அயனி’. செல்வது என்பதே அதன் பொருள்.

இச்சொற்களைக் கொண்டு துருவை விளக்குவோம். ஈரமான இரும்பின் ஓரிடத்தில் இரும்பணுக்கள் தம் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக நீரில் இறங்குகின்றன. கரையும் அவ்விடம் அனோடு. விடப்பட்ட எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே மற்றோரிடத்திற்கு ஓடி, அங்கே நீரிலுள்ள பிராணவாயுவோடு சேர்கின்றன. அவ்விடம் கேத்தோடு, அது கரைவதில்லை. உலோகத்தின்மேல் படிந்த ஈரமே மின்பகுளி. ஆகவே அரிமானத்திற்கு நான்கு துணைகள் வேண்டும்: கரையும் அனோடு, கரையாத கேத்தோடு, இரண்டையும் இணைக்கும் உலோக வழி, இரண்டையும் நனைக்கும் ஈரம். இந்நான்கில் ஒன்றை விலக்கினாலும் அரிமானம் நின்றுவிடும். உலோகத்தைக் காக்கும் வழிகள் பலவும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையே.

எவ்வளவு மின்சாரம் பாய்கின்றதோ அவ்வளவு உலோகம் கரையும் என்பதும் பாரடே கண்ட விதி. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுவதும் இடையறாது பாயுமாயின் ஏறத்தாழ 9 கிலோ இரும்பு கரைந்து போகும். கள்வன் எடுத்துச் செல்லும் அளவை நிறைகோலால் அறிவோம். காலம் எடுத்துச் செல்லும் அளவை மின்னோட்டத்தால் அறியலாம்.

தன்னை ஈந்து பிறவற்றைக் காத்தல்

பாரடேயின் ஆசான் ஹம்ப்ரி டேவி. கப்பலின் செப்புத் தகடு கடல்நீரில் கரைவதைத் தடுக்குமாறு கடற்படையினர் அவரை வேண்டினர். 1824இல் அவர் ஒரு வழி கூறினார். செம்புடன் சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்துவிட்டால், கரையும் தொழிலை அச்சிறு துண்டு தன்மேல் ஏற்றுக்கொள்ளும்; செம்பு முழுவதும் கேத்தோடாகிப் பிழைத்துவிடும். சோதனையில் செம்பு உண்மையிலேயே கரையாது நின்றது. ஆயினும் எதிர்பாராத இடையூறு ஒன்று நேர்ந்தது. கரையும் செம்பின் நஞ்சே கடற்பாசியையும் கிளிஞ்சல் இனங்களையும் விலக்கி வந்தது. செம்பு கரையாமல் நின்றதும் அவை அடர்ந்து பற்றிக் கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. ஆகவே அன்று அம்முறையைக் கைவிட்டனர். டேவியின் கருத்தோ அழியவில்லை. இன்று எஃகுக் கப்பல்களின் அடியிலும், மண்ணில் புதைத்த குழாய்களிலும் துத்தநாகமும் மக்னீசியமும் அவ்வாறே கட்டப்படுகின்றன. தான் தேய்ந்து தன்னைச் சேர்ந்தவற்றைக் காக்கும் அவ்வுலோகத்தைத் ‘தியாக அனோடு’ என்று பெயரிட்டு அழைப்பது எத்துணைப் பொருத்தம்! இரும்புத் தகட்டின்மேல் துத்தநாகம் பூசும் முறையும் இவ்வகையதே. அதற்கு 1837இல் பிரான்சு நாட்டுச் சொரெல் உரிமை பெற்றார். பூச்சில் கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தேய்ந்து இரும்பைக் காக்கும்.

பொன் முலாமின் இயல்பு இதற்கு நேர்மாறானது. பொன் எளிதில் கரையாத உயர் உலோகம். ஆனால் செம்பின்மேல் பூசிய மெல்லிய பொன்னில் ஊசித்துளை ஒன்று விழுந்து ஈரம் புகுமாயின், பரந்த பொன் கேத்தோடாகவும், துளையின் அடியிலுள்ள சிறு செம்பு அனோடாகவும் மாறும். கேத்தோடு பெரிதாகவும் அனோடு சிறிதாகவும் இருந்தால் கரையும் வேகம் மிகும். மேலே பொன் மின்ன, உள்ளே செம்பு குழியும். இராசராசன் செப்புக்குடத்தின்மேல் பொன்னைத் தகடாகவே போர்த்தினான் என்பதன் அருமை இப்போது விளங்குகின்றதன்றோ? பூச்சுச் சிக்கனம் கலசத்திற்குப் பகை.

கவசம் பூண்ட உலோகங்கள்

சில உலோகங்கள் தமக்குத் தாமே கவசம் செய்துகொள்ளும். வலிய நைட்ரிக் அமிலத்தில் தோய்த்த இரும்பு பின்னர்க் கரைய மறுப்பதை ஆராய்ந்த ஷோன்பைன் என்னும் அறிஞர், 1836இல் அந்நிலைக்குச் ‘செயலறுநிலை’ என்று பொருள்படும் பெயரிட்டார். கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஆக்சைடு படலமே அக்கவசம். அலுமினியம் இப்படலத்தாலேயே வாழ்கின்றது. இரும்பில் ஏறத்தாழ 11 விழுக்காடும் அதற்கு மேலும் குரோமியம் கலந்தால் அவ்விரும்பும் இக்கவசம் பெறும். 1913இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி இதனைக் கண்டார். அதுவே நாம் எவர்சில்வர் என்று வழங்கும் துருவேறா எஃகு. கஞ்சமலையின் அடிவாரத்தை ஒட்டிய சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்திலிருந்து அவ்வெஃகுத் தகடுகளை வழங்கி வருகின்றது. துருவேறும் இரும்பின் தாய்மலை அருகே துருவேறா எஃகு உருவாவது சேலம் நாட்டின் சிறப்பு.

தில்லியில் நிற்கும் இரும்புத்தூண் இவ்வரிசையில் வியப்புக்குரியது. ஏழு மீட்டருக்கு மேல் உயரமும் ஆறு டன்னுக்கு மேல் நிறையும் உடைய அத்தூண், குப்தர் காலம் முதல் ஏறத்தாழ 1600 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரும்பகுதி சிதையாமல் உள்ளது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால், மேலே படிந்த துருவே செறிந்த காப்புப் படலமாகிவிட்டது என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். அங்குள்ள வறண்ட காற்றும் அதற்குத் துணை.

இக்கவசங்கள் அனைத்திற்கும் பொதுப்பகை உப்பிலுள்ள குளோரைடு. அது படலத்தை ஓரிடத்தில் துளைத்துக் குழி பறிக்கும். துருவேறா எஃகும் அதற்கு விலக்கன்று. நீர்த்துளியின் நடுவே பிராணவாயு குறைந்து, விளிம்பில் மிகுந்திருப்பதால், நடுப்பகுதி அனோடாகிக் கரைகின்றது என்பதைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் எவன்ஸ் 1920களில் காட்டினார். அழுக்கின் அடியிலும், இடுக்கின் உள்ளும் அரிப்பு மிகுவதற்குக் காரணம் இதுவே.

திருமேனியைப் பற்றும் நோய்

நம் செப்புத் திருமேனிகளில் செம்பே மிகுதி. வெள்ளீயமும் காரீயமும் சிறு அளவில் கலந்திருக்கும். படையெடுப்புக்கு அஞ்சி முன்னோர் மண்ணில் புதைத்துவைத்த திருமேனிகள் பல ஊர்களில் மீண்டும் வெளிப்பட்டன. திருவெண்காட்டில் 1950களின் தொடக்கத்தில் கிடைத்த இடபவாகன தேவர் திருவுருவம் இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் கண்டாரைக் கவர்கின்றது. இவ்வாறு மண்ணுள் நெடுங்காலம் கிடந்த செம்பில் மண்ணின் உப்பு ஊறிவிடும். வெளியே எடுத்தபின் காற்றின் ஈரம் பட்டதும், உள்ளே மறைந்திருந்த குளோரைடு விழித்தெழும். வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கும். செம்பைக் கரைத்த குளோரைடு மீண்டும் விடுபட்டு அடுத்த செம்பைத் தாக்கும். ஆதலால் இது தானே நிற்பதில்லை. இதனை ‘வெண்கல நோய்’ என்றே அறிஞர் அழைக்கின்றனர்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களில் இரசாயனப் பாதுகாப்புப் பணியை வளர்த்தவர் எஸ். பரமசிவன். தஞ்சைப் பெரியகோயில் ஓவியங்களின் செய்முறையை ஆராய்ந்தவரும் அவரே. 1925இல் நியூயார்க் நகரில் பிங்க் என்பவர் வெளியிட்ட மின்பகுப்பு முறையைப் பின்பற்றி, நோயுற்ற செப்புத் திருமேனிகள் அங்கே குணப்படுத்தப்பட்டன. நீர்த்த காரக் கரைசலில் திருவுருவைத் தொங்கவிட்டு, மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைப்பர். அனோடாகித் தேய்ந்த செம்பு இப்போது கேத்தோடாகின்றது; உள்ளே ஊறிய குளோரைடு வெளியேறுகின்றது. அரிமானம் எவ்வழி வந்ததோ அவ்வழியே திருப்பி அனுப்பப்படுகின்றது. களிம்பு தன்னால் நீங்குவதில்லை, அதனை நீக்கப் புறத்திலிருந்து ஓர் ஆற்றல் வரவேண்டும் என்பது மலநீக்கத்தில் அருளின் இன்றியமையாமையை நினைவூட்டுகின்றது.

இம்முறை மேற்படலத்தோடு நுண்ணிய வேலைப்பாட்டையும் கொண்டுசென்றுவிடும் என்பதால் இன்று அறிஞர் இதனை மிகுந்த எச்சரிக்கையோடே கையாளுகின்றனர். 1960களின் இறுதியிலிருந்து பென்சோட்ரையசோல் என்னும் மருந்து செம்பின்மேல் காப்புப் படலம் அமைக்கப் பயன்பட்டு வருகின்றது. இங்கே நாம் தெளியவேண்டியது ஒன்று. களிம்பு அனைத்தும் நோயன்று. வழவழப்பாக, உறுதியாக, பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ படிந்த களிம்பு திருமேனிக்குப் போர்வை. தூளாக உதிரும் வெளிர்பச்சையே நோய். இவ்வேறுபாடு அறியாது, ‘பளபளப்பாக இருக்கவேண்டும்’ என்னும் ஆசையால் அமிலத்தாலும் மணற்பொடியாலும் தேய்ப்போர் நோயோடு போர்வையையும், போர்வையோடு சிற்பியின் உளிக்கோட்டையும் அழித்துவிடுகின்றனர். முகத்தின் நுண்கோடுகள் மழுங்கிப்போன திருமேனிகளைக் கண்ட எவர்க்கும் இதன் இழப்புப் புலப்படும். தேய்ந்த கோட்டை மீட்கும் மின்சாரம் எதுவும் இல்லை.

காரைக்குடியும் பாம்பனும்

இத்துறைக்கெனத் தமிழகத்தில் பெரியதோர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது ஒரு வள்ளலின் கொடையால் ஆகும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நன்னாளில், டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கோயிலுக்குக் கொடுப்பதும் கல்விக்குக் கொடுப்பதும் வேறல்ல என்பதை அக்கொடை காட்டுகின்றது.

அந்நிலையத்தார் இராமேசுவரம் செல்லும் வழியில் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி அவற்றின் தேய்வை அளந்து வருகின்றனர். கடற்காற்றின் கொடுமையில் உலகிலேயே முன்வரிசையில் நிற்கும் இடங்களுள் அக்கடற்கரை ஒன்று. இராமநாதசுவாமியைத் தரிசிக்கச் சென்ற அன்பர் யாவரும் பாம்பன் பாலத்தை அறிவர். 1914இல் திறந்த அவ்விரும்புப் பாலம் உப்புக்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடி, 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்தினின்று ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளும் சிறப்பு வண்ணப்பூச்சும் இடம்பெற்றுள்ளன. பழைய பாலம் அத்துணைக் காலம் நின்றது இரும்பின் பெருமையால் மட்டுமன்று. ஆண்டுதோறும் அதனைச் சுரண்டிப் பூசிப் பேணிய தொழிலாளரின் கைகளால் என்க.

கொடையாளர்க்கு ஒரு விண்ணப்பம்

இத்துணையும் கூறியது எதற்கு? குடமுழுக்கு நடைபெறும் நாளில் கொடை நிறைவுறுவதில்லை, தொடங்குகின்றது என்பதைச் சொல்லுதற்கே. வேத முழக்கமும் நாகசுர இசையும் அடங்கிய மறுநாளே காற்றும் ஈரமும் தம் வேலையைத் தொடங்கும். ஆகம விதிக்கும் அர்ச்சகர், ஸ்தபதியார் கருத்துக்கும் இணங்க நாம் செய்யத்தக்க சில உண்டு.

செப்புக் கலசத்தை இரும்பு ஆணியாலும் இரும்புத் தண்டாலும் நிறுத்தலாகாது. ‘அலாரம்’ கப்பலின் பாடம் விமானத்திற்கும் பொருந்தும். மரத்தாலான ஸ்தூபித்தண்டைக் கொள்ளும் மரபு ஸ்தபதிகளிடம் உண்டு. அதில் உள்ள நன்மையை எண்ணிப் பார்க்கவேண்டும். இரும்பு தவிர்க்க முடியாத இடத்தில் இரு உலோகமும் தொடாதவாறு இடையே தடுப்பு வைக்கவேண்டும். கலசத்தின் அடியில் மழைநீர் தேங்காமல் வழிந்தோட இடம் வேண்டும்.

அபிடேகத்திற்குரிய தயிரும் எலுமிச்சைச் சாறும் புளிப்புடையவை, இளநீரில் உப்புண்டு. அபிடேகம் நிறைந்தபின் தூய நீரால் முழுக்காட்டி, மெல்லிய துணியால் ஈரம் ஒற்றி, பீடத்தின் இடுக்கிலும் ஆடை மடிப்பின் குழிவிலும் சந்தனமும் திருநீறும் தங்காமல் துடைப்பது பூசையின் நிறைவாகும். தரை கழுவும் அமிலத்தையும் வெளுப்புத்தூளையும் திருமேனிகளின் அருகே கொண்டுசெல்லலாகாது. அவற்றின் ஆவியே உலோகத்திற்குக் கேடு. வெளிர்பச்சைத் தூள் காணின், தாமே மருத்துவம் செய்யாமல், துறையறிந்தோர்க்குத் தெரிவிக்கவேண்டும்.

கோபுரத்துச் சுதைச் சிற்பத்தினுள் வைத்த இரும்புக் கம்பியை மறத்தலாகாது. சுண்ணாம்பின் காரத்தன்மை இரும்புக்குக் கவசமாக நிற்கும். வெடிப்பின் வழியே நீர் இறங்கிக் காரம் குறைந்தால் கம்பி துருப்பிடிக்கும். இரும்பைவிடத் துரு பன்மடங்கு இடம் கொள்வதால் உள்ளிருந்தே சிற்பத்தைப் பிளக்கும். ஒரு தெய்வ வடிவத்தின் கை உதிர்ந்து விழுவதற்குப் பல ஆண்டு முன்பே மயிரிழை போன்ற வெடிப்பு நமக்கு அறிவிப்புத் தந்திருக்கும். அவ்வெடிப்பை அன்றே அடைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து செய்யும் திருப்பணிக்கு ஆவதோ பெரிது.

கலசத்திற்குப் பொன் கொடுப்போர் பலர். கலசத்தை ஆண்டுக்கு ஒருமுறை ஏறிப் பார்ப்பதற்குக் கொடுப்போர் சிலர். பொன்னளித்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கின்றோம். பேணுதற்கென ஒரு சிறு நிதியை அமைத்தவர் பெயரையும் அக்கல்லிலேயே பொறிப்பது தகும். இன்று அளித்த ஒவ்வோர் உலோகப் பொருளின் நிறையையும் அளவையும் உருவப்படத்தையும் கோயில் ஏட்டில் எழுதிவைத்தால், ஆயிரம் ஆண்டுக்கு முன் தஞ்சையில் தொடங்கிய நன்மரபை நாமும் தொடர்ந்தவராவோம்.

செம்புக்குக் களிம்பு இயல்பு. ஆனால் களிம்பு ஏறாமல் காப்பது அன்பின் இயல்பு. நாள்தோறும் விளக்கிய செம்பு மின்னுவது போல, நாள்தோறும் பேணிய திருக்கோயில் பொலியும். தேய்வது உலோகமே ஆகுக. தேயாதது நம் தொண்டே ஆகுக. நாமகிரிப்பேட்டைத் திருக்கோயில் நீடூழி விளங்குக!